வடக்கே போகும் வண்டியில் ஒரு கக்கூஸ்

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று இருக்கிறது. வால்தம்ஸ்டோவில் எங்கள் தெருவில் கார் நிறுத்துவதற்கே இடம் கிடையாது. அவர்களோ வாசலில் ஒரு மோட்டார்ஹோமை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மோட்டார்ஹோம் என்பது பெரிய வான் ஒன்றின் முதுகில் வீட்டை ஏற்றி வைத்தது போன்றது. கட்டில், மேசை, காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. ஒரு சனிக்கிழமை காலை நான் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்துக்கொண்டு நின்றபோது, அந்த மனிதர் வண்டியின் பக்கத்திலிருந்த சின்னக் கதவைத் திறந்து, சூட்கேஸ் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வெளியே எடுத்தார். அதற்குப் பிடியும் இருந்தது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் தேநீர்க் கோப்பை, வாயில் சீழ்க்கை. என்னைப் பார்த்து "மோர்னிங், லவ்லி டே" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டு முன்கதவால் உள்ளே போனார். ஒரு வாரம் அவரும் மனைவியும் கழித்தது அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதை வாசல் மிதியடிக்கு மேலால், கம்பளத்துக்கு மேலால், குசினியைத் தாண்டி, வீட்டுக் கக்கூஸில் ஊற்றக் கொண்டுபோகிறார். கோப்பையிலிருந்து ஒரு மிடறு குடித்தபடி போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த அருவருப்பைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஏனென்றால் என் வேலையே அதுதான். லண்டனுக்கு வெளியே ஒரு ரெயில் பணிமனையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். ரெயில் பெட்டிகளுக்கு அடியில் கக்கூஸ் தொட்டிகள் இருக்கின்றன. தடித்த குழாயைப் பூட்டி, இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து, தண்ணீர் விட்டு அலசி, மருந்து ஊற்றி மூட வேண்டும். தொட்டி அடைத்துக்கொண்டால் முழங்கை வரை கையுறை போட்டுக் கையை உள்ளே விட வேண்டும். கைத்தொலைபேசி எடுத்திருக்கிறேன், பிள்ளைகளின் அணையாடை எடுத்திருக்கிறேன், ஒருமுறை முடிச்சு அவிழாமல் ஒரு கழுத்துப்பட்டி எடுத்தேன். முதல் வாரம் முழுக்கச் சத்தி எடுத்தேன். பிறகு மூக்கு பழகிவிட்டது. நாக்குத்தான் பழகவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது "எங்க வேலை?" என்று கேட்டால் "ரெயில்வேயில" என்பேன். "ரெக்னிக்கலோ?" என்று, ஏதோ தொழில்நுட்ப வேலையென்று நினைத்து, அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். "ஓம்" என்பேன். இப்படியே பத்தொன்பது வருடம் போனது. இயல்பிலேயே நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத ஆள். அதனால் பொய் சொல்வது எனக்கு லேசாக இருந்தது. ஒரு சொல் போதுமாயிருந்தது.

போன பங்குனியில் அண்ணை தொலைபேசி எடுத்தார். அண்ணை என்னை விட எட்டு வயது மூத்தவர். பத்து வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். வெஸ்ட் ஈலிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். என்னை இங்கே கூப்பிட்டவரும் அவர்தான். அவர் சொன்னால் நான் கேட்பேன். என் ஒரே மகள் நிலானிக்குக் கல்யாணம் முற்றாகிக்கொண்டிருந்த நேரம் அது. பெடியன் பிரசாந். நோர்வேயின் வடக்குக் கோடியில், ஒரு சின்ன மீன்பிடி ஊரில் பிறந்து வளர்ந்தவன். லண்டனில் படித்து இங்கேயே எஞ்சினியராக வேலை செய்கிறான். தாயும் தகப்பனும் இன்னும் அந்த ஊர் மீன் தொழிற்சாலையில்தான். நிலானியும் பிரசாந்தும் தாங்களாகவே தேடிக்கொண்டார்கள். நாங்கள் சம்மதித்தோம் என்று சொல்வதை விட, மறுக்கவில்லை என்று சொல்வது சரி.

"பொம்பிளை வீட்டுக்காரர் நாங்கள் போய்ப் பேசுறதுதான் முறை. ஆடி மாசம் போவம்" என்றார் அண்ணை. "பிளேனிலை போய் என்னத்தைப் பாக்கிறது? ஒரு மோட்டார்ஹோம் எடுப்பம். ஜெர்மனி, டென்மார்க், சுவீடன் எல்லாம் பாத்துக்கொண்டு, சூரியன் மறையாத இடம் மட்டும் போவம். இருபத்திநாலு நாள். ஆறு பேர் படுக்கலாம்." ஆறு பேர் என்றால் அண்ணை, அவர் மனைவி, நான், என் மனைவி சாந்தி, நிலானி, பிரசாந். அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பக்கத்து வீட்டுச் சாம்பல் பெட்டிதான்.

அண்ணைக்கு வரைபடம் என்றால் பைத்தியம். கைத்தொலைபேசியில் பார்க்க மாட்டார். மடித்துப் பிரிக்கும் பெரிய தாள் வரைபடங்களை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் விரிப்பார். ஆனால் அவர் எல்லாவற்றையும் விட நன்றாக வாசிக்கக்கூடிய வரைபடம் தாளில் இல்லை. பிரசாந் முதன்முதல் அவர் வீட்டுக்கு வந்த நாளில் அதைத்தான் விரித்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"நோர்வே, பெரிய மாமா."

"அதில்லை. அப்பா ஊரில எங்க?"

பிரசாந் ஓர் ஊரின் பெயரைச் சொன்னான்.

"ஓ. அங்க எந்தப் பக்கம்? றோட்டுக்கு இஞ்சாலையோ அங்காலையோ?"

"தெரியேல்லை, பெரிய மாமா."

"கோயிலடியோ, குளத்தடியோ?"

"அப்பா சொல்லேல்லை. கேட்டுச் சொல்லட்டோ?" என்று அவன் கைத்தொலைபேசியை எடுத்தான். உண்மையாகவே உதவி செய்ய நினைத்தான்.

"வேண்டாம், வேண்டாம். சும்மா கேட்டனான்" என்றார் அண்ணை. மறுநாள் அவர் ஊருக்கு இரண்டு தொலைபேசி எடுத்தார். பிறகு என்னிடம் "விசாரிச்சன்" என்று மட்டும் சொன்னார். என்ன விசாரித்தார், என்ன பதில் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கும்படிதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசாந் வந்தபோது மச்சாள் எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார். "கழுவிற வேலை மிச்சம்" என்றார். மச்சாள் வீட்டில் பூப்போட்ட கோப்பைகள் இரண்டு டசின் இருக்கின்றன. யாரும் கவனிக்கக்கூடாது என்பதற்காக எல்லோருக்கும் காகிதம். அந்தக் கெட்டித்தனம் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை இருந்தது. முன் தெருவில் இருப்பவர்கள் யாரும் அதில் நடப்பதில்லை. அது வாளிக் கக்கூஸ் காலம். காலையில் ஒருவர் அந்த ஒழுங்கையால் வந்து, மதிலின் அடியில் இருந்த தகரக் கதவைத் தூக்கி, வாளியை இழுத்து எடுத்துக்கொண்டு போவார். அந்த நேரத்தில் பின்பக்கம் பார்க்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நான் ஒருநாள் பார்த்துவிட்டேன். அவர் கழுத்தை ஒரு பக்கம் சரித்து, மூச்சை வாயால் விட்டுக்கொண்டு நடந்தார். அவர் போன வழிக்கு அம்மா தண்ணீர் ஊற்றினார். அந்தத் தண்ணீர் எதைக் கழுவ என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சிந்தியதைக் கழுவ அல்ல. சிந்தியது எங்களுடையது. ரெயில் பணிமனையில் முதல் வாரம் நான் மூச்சை எப்படி விடுவது என்று தெரியாமல் தவித்தபோது, என் கழுத்து தானாக ஒரு பக்கம் சரிந்தது. அப்போதுதான் அவர் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

சித்திரை மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை வீட்டில் கூட்டம். எத்தனை கிலோ புட்டுமா, எத்தனை போத்தல் மிளகாய்த்தூள், புறப்படும்போது சில்லுக்கடியில் வைக்க எலுமிச்சம்பழம் நாலு என்று பேச்சு நீளும். இறைச்சியும் பாலும் எல்லையில் விடமாட்டார்கள் என்று பிரசாந் சொன்னான். "இவர் பெரிய கஸ்ரம்ஸ் ஒஃபிசர்" என்றார் மச்சாள், அவன் காதில் விழும்படி. ஆனால் சூரியன் மறையாது என்பதை அவன் விளக்கியபோது உண்மையாகவே கவலைப்பட்டார்.

"அப்ப விளக்கு எத்தினை மணிக்கு வைக்கிறது?"

"ஆறு மணிக்கு வையுங்கோ மாமி. சூரியனிட்டைக் கேக்கத் தேவையில்லை."

நான் சிரித்தேன். அண்ணை என்னைப் பார்த்தார். சிரிப்பை விழுங்கினேன்.

மூன்றாவது கூட்டத்தில் அண்ணை வேலைப் பட்டியலைக் கொண்டுவந்தார். கடைக் கொம்பியூட்டரில் தமிழில் அடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, ஆளுக்கு ஒன்று. வண்டி ஓட்டுவது அண்ணை. வரைபடம் பார்ப்பது அண்ணை. வண்டியின் எண்ணெய், காற்று நான். ரெக்னிக்கல் ஆள் அல்லவா? சமையல் மச்சாளும் சாந்தியும். படம் பிடிப்பது நிலானி. கடைசி வரி: தண்ணீரும் துப்பரவும் — பிரசாந். அந்த நாட்டின் பாதையும் பாஷையும் தெரிந்த ஒரே ஆள் அவன். அவனுக்குக் கொடுத்தது கக்கூஸ் பெட்டி.

நிலானி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "பெரியப்பா, இது ஏன் இவர்?"

"அவன் நோர்வேயில வளர்ந்தவன் பிள்ளை. உதெல்லாம் அவனுக்குப் பழக்கமா இருக்கும்" என்றார் அண்ணை.

'பழக்கம்' என்று அவர் சொன்னது நோர்வேயை அல்ல என்பது பிரசாந்தைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்று நான் நினைத்தேன். பிரசாந்தின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் தெரிந்திருந்தது. அவன் எழுத்துக் கூட்டி அந்த வரியை ஒருமுறை வாசித்தான். "ஓகே, பெரிய மாமா" என்றான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நிலானி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் கோபத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள்.

"யூ சோ தட், அப்பா. நீங்களும் பாத்தீங்கள்."

"பெரியப்பா அப்பிடி நினைச்சுச் செய்திருக்க மாட்டார், அம்மா."

"டோன்ட். ப்ளீஸ். நீங்கள் ஏதாவது சொல்லுவீங்கள் எண்டு உங்களையே பாத்துக்கொண்டிருந்தன். நீங்கள் ஒரு பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டீங்கள்."

பிஸ்கட் எடுத்தது உண்மைதான்.

"அந்த லிஸ்ட் மாறாட்டி நாங்கள் வரேல்லை" என்றாள். "ட்ரிப்புக்கு மட்டுமில்லை. நாங்கள் கவுன்சிலில கலியாணத்தை றெஜிஸ்டர் பண்ணிக்கொண்டு போறம். நீங்கள் எல்லாரும் சூரியனைப் போய்ப் பாருங்கோ."

அண்ணைக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மகள் போய்விடுவாள். சொன்னால், ஏன் சொல்கிறேன் என்று கேட்பார்கள். அப்போது என் பத்தொன்பது வருடத்தையும் மேசையில் வைக்க வேண்டிவரும். அந்த வாரம் வேலைக்குப் போகும் ரெயிலில் இருந்துகொண்டு பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அண்ணையின் முகம் வந்ததும் சொற்கள் ஒழுகிவிட்டன. என்னைப் போன்ற ஆட்கள் புலம்பெயர்ந்த நாடுகளில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரனின் கழிவை அள்ளலாம். சொந்த அண்ணனிடம் 'இது பிழை' என்று சொல்ல ஏலாது.

அந்தச் சனிக்கிழமை, சாந்தியைத் தவிர எல்லோரும் வண்டியைப் பார்க்கப் போனோம்; முன்பே சொல்லி வைத்திருந்ததால் நிலானியும் பிரசாந்தும்கூட வந்தார்கள். லண்டனுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு முற்றத்தில் முப்பது நாற்பது மோட்டார்ஹோம்கள் நின்றன. வாடகைக்கு விடுபவர் பருத்த உடம்பும் நல்ல முகமும் கொண்ட ஒரு வெள்ளைக்காரர். ஒவ்வொன்றாகக் காட்டினார். அடுப்பைப் பார்த்து மச்சாள் சந்தோஷப்பட்டார். அடுப்பிலிருந்து ஒரு எட்டு வைத்தால் கக்கூஸ் கதவு. அதைத் திறந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார், உள்ளே மருந்து மணத்தைத் தவிர ஒன்றும் இல்லாதபோதும். பிறகு அந்த வெள்ளைக்காரர் எங்களை வெளியே கூட்டிக்கொண்டுபோய், பக்கத்துக் கதவைத் திறந்து, அந்தச் சாம்பல் பெட்டியை இழுத்தார்.

"இதை எடுக்க எந்த ஆள் வருவார்?" என்று அண்ணை ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆள் நீங்கள்தான், சேர்."

"இல்லை. ஒவ்வொரு ஊரிலும் இதற்கென்று ஓர் ஆள் இருப்பாரே?"

"ஊற்றுவதற்கு இடம் இருக்கும். கழுவுவதற்குக் குழாய் இருக்கும். ஆள் நீங்கள்தான்."

இரண்டு பேரும் நல்ல ஆங்கிலம்தான் பேசினார்கள். ஆனால் அண்ணை யாரைத் தேடுகிறார் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவர் பெட்டிக்குள் தண்ணீர் நிரப்பி, யாராவது ஒருவர் ஊற்றிப் பழகுங்கள் என்றார். அண்ணை இரண்டடி பின்னால் போனார். யாரும் சொல்லாமலே பிரசாந் முன்னால் வந்தான். பெட்டியைத் தூக்கி, வடிகாலுக்கு மேல் சரித்தான். தண்ணீர் கடகடவென்று திணறிக்கொண்டு வெளியே துள்ளியது; அவன் காற்சட்டையில் தெறித்தது. மேல்பக்கத்தில் காற்று விடும் பொத்தான் ஒன்று இருக்கும். அதைப் பெருவிரலால் அமத்திக்கொண்டு ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் உண்மையான நாளில் தெறிப்பது தண்ணீராக இருக்காது. இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. என் கை போய்விட்டது. அவன் கைக்குக் கீழே பிடியைத் தாங்கி, பொத்தானை அமத்தி, பெட்டியைச் சரியான சரிவுக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர் சத்தமில்லாமல் ஒரே கயிறாக இறங்கியது. ஊற்றி முடித்து, இரண்டுமுறை குலுக்கி, மூடியைக் கால் சுற்றுத் திருப்பி மூடினேன்.

"நீங்கள் இதற்கு முன்பு செய்திருக்கிறீர்கள்" என்றார் வெள்ளைக்காரர், பாராட்டாக.

அண்ணை என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. ஆனால் நிலானி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், எடுத்துச் சாப்பிட அங்கே பிஸ்கட் ஒன்றும் இல்லை.

"இதுதான் அண்ணை என்ரை வேலை" என்றேன். "பத்தொன்பது வருஷமா. ரெயில் கக்கூஸ்."

"ரெக்னிக்கல் எண்டெல்லே சொன்னனீ?"

"உதிலையும் ரெக்னிக் இருக்கு அண்ணை."

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பிரசாந் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அண்ணை என் கையைப் பிடித்து இரண்டு வண்டிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போனார். பிறகு, பிடித்த கையை விட்டுவிட்டு, தன் கையைக் காற்சட்டையில் துடைத்தார். தெரிந்து செய்ததாக எனக்குப் படவில்லை. அதுதான் மோசம்.

"இதுக்கோ நான் உன்னைக் கூப்பிட்டனான்?"

"பட்டியலிலை என்ரை பேரைப் போடுங்கோ அண்ணை. அவன்ரை பேரை எடுங்கோ."

"விசரே உனக்கு? பெடியன்ரை தாய் தேப்பனுக்கு முன்னாலை நீ உந்தப் பெட்டியைக் காவிக்கொண்டு திரிவியோ? எங்கடை மானம் என்ன?"

"அவன் காவினால்?"

"அவன்..." என்று தொடங்கி அண்ணை நிறுத்தினார். அந்த வசனத்தை இன்னும் முடிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய காரிலிருந்து நிலானி இறங்கும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "தாங்க்ஸ் அப்பா" என்றாள். பிறகு "என்னட்டையும் சொல்லேல்லை என்ன?" என்றாள். அப்போது அவள் கண் என் கைகளுக்குப் போனது. உடனே முகத்துக்கு வந்துவிட்டது. ஒரு கணம்தான். அந்தக் கைகளால்தான் அவளுக்குச் சோறு தீத்தினேன். வீட்டுக்குள் வந்து சாந்தியிடம் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்பது போல ஏதோ முணுமுணுத்தேன். அவள் கறிச்சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "தன்ரை உடுப்பை வேலையிலையே தோய்ச்சுக் காயவிட்டுக்கொண்டு வாற புருஷன் இந்த லண்டனிலை நீங்கள் ஒராள்தான். தெரியாத மாதிரி இருந்தது எனக்கு வசதியா இருந்தது. இனி எல்லாருக்கும் தெரியும். சந்தோஷமே?" அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நானும் அதே வசதியில்தான் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு தன் வீட்டுக் கூட்டத்துக்கு அண்ணை புதிய பட்டியலோடு வந்தார். அதுவும் பிளாஸ்ரிக் உறை போட்டது. துப்பரவு என்ற வரியே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு புதிய வரி: மலசலகூடம் பூட்டப்படும், பூட்டின் திறப்பு அண்ணையிடம் இருக்கும். வரைபடத்தில் லண்டனிலிருந்து உலகத்தின் வடக்கு விளிம்பு வரைக்கும் பெற்றோல் நிலையங்களைச் சிவப்புப் பேனையால் குறித்திருந்தார். வண்டிக்குள் யாரும் கழிக்கக்கூடாது, அப்படியென்றால் யாரும் அள்ளத் தேவையில்லை. இருபத்திநாலு நாள். அண்ணை இரண்டு இரவு கடைக் கணக்கை விட்டுவிட்டு இதைச் செய்தார் என்று மச்சாள் பெருமையாகச் சொன்னார்.

"எனக்குச் சீனி வருத்தம், தெரியுந்தானே" என்றாள் சாந்தி மெதுவாக. "ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா..."

"தண்ணியைக் குறைச்சுக் குடியும்" என்றார் மச்சாள். "அந்த அறைக்குள்ளை அரிசிச் சாக்கு ரெண்டு வைக்கலாம். புட்டுமாவும் வைக்கலாம். கதவும் இருக்கு, ஈரமும் இல்லை."

கக்கூஸ் பெட்டிக்கு மேல் அரிசி. அதில் சமைத்து, அதைப் படைத்து, அதைச் சாப்பிட்டுக்கொண்டு வடக்கே போவார்களாம். அது இவர்களுக்கு அருவருப்பில்லை. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ தொட்டிகளைத் திறந்திருக்கிறேன், இப்படி ஒரு நாற்றம் எனக்கு அடித்ததில்லை. எழுந்து நின்றேன். எழுந்து நிற்கத் தேவையே இல்லை. எனக்கு இருந்துகொண்டு பேசத் தெரியாது.

"அண்ணை, அந்தக் கதவு பூட்ட ஏலாது" என்றேன். "சாந்தி போவா. நீங்களும் போவீங்கள். நான் எடுத்து ஊத்துவன். தெரிஞ்ச வேலை. அருவருப்பு எண்டிறவை பிளேனிலை வாங்கோ."

நாற்பது வருடத்தில் அண்ணையிடம் நான் சொன்ன மிக நீளமான பேச்சு அது. அவர் வரைபடத்தை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. திரும்பத் திரும்ப மடித்தார். கடைசியில் "பெடியன்ரை வீட்டடியிலை மட்டும் வேண்டாம்" என்றார். "தூரத்திலை நிப்பாட்டுவம்." நிலானி எழுந்து பெரியப்பாவுக்குத் தேநீர் ஊற்றப் போனாள். அவள் வருகிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம். பூப்போட்ட கோப்பைகளை அவளே அலுமாரியிலிருந்து எடுத்தாள்.

இதை இந்த இடத்தில் முடித்தால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் இரண்டு நாள் கழித்து பிரசாந்தின் தகப்பன் நோர்வேயிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். அதுவரை நாங்கள் பேசியதில்லை. மகன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். முப்பது வருடம் மீனின் குடல் உருவிய மனிதர். என் வேலையைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லாத ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன்.

"நல்ல மனசு உங்களுக்கு" என்றார். பிறகு இருமினார். "ஒண்டு சொன்னாக் குறை நினைக்கக்கூடாது. இஞ்சை எங்கடை ஆக்களுக்கு நான், பொம்பிளையின்ரை தகப்பன் லண்டனிலை ரெயில்வே ஒஃபிசர் எண்டு சொல்லிப்போட்டன். என்ரை மனிசிக்கும் அப்பிடித்தான் தெரியும். நீங்கள் வரேக்கை அதை... அப்பிடியே விட்டா நல்லம்."

"ஓம்" என்றேன். மறுபடியும் அந்த ஒரு சொல். அந்த மனிதரில் எனக்குக் கோபம் வரவில்லை. எத்தனை நாட்டைத் தாண்டி, பனி உறைந்த கடல்வரைக்கும் போனாலும், எங்களில் ஒவ்வொருவருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ள இன்னொருவர் தேவையாக இருக்கிறது. அதை நினைத்தபோதுதான் அருவருத்தது.

இதை எழுதுவதற்கு முதல் நாள், நானும் பிரசாந்தும் மட்டும் அந்த முற்றத்துக்குப் போனோம். தண்ணீர் நிரப்புவது, கழிவை இறக்குவது எல்லாம் எழுதிக்கொண்டு வரும்படி அண்ணை அனுப்பியிருந்தார். "அது உங்கடை ரெண்டு பேற்றையும் டிப்பார்ட்மென்ட்" என்றார். படுக்கைத் திட்டத்தையும் மாற்றியிருந்தார். முன்பு சாரதி இருக்கைக்கு மேலே இருக்கும் தட்டில் அண்ணையும் நானும் படுப்பதாக இருந்தது. இப்போது அண்ணைக்குக் குறட்டையாம்; அங்கே தனியாகப் படுக்க வேண்டுமாம். பின்னால் பெண்கள். நானும் பிரசாந்தும் நடுவில், பகலில் எல்லோரும் இருந்து சாப்பிடும் மேசையை இறக்கிப் போட்டால் வரும் பலகையில்.

பிரசாந் மேசையை இறக்கி, மெத்தைகளை அடுக்கினான். பலகை வண்டியின் நீளத்துக்குக் கிடந்தது. ஒரு தொங்கல் வண்டியின் முன்பக்கம், சாரதி இருக்கையடிக்கு. மறு தொங்கல் கக்கூஸ் கதவோடு முட்டிக்கொண்டு நின்றது.

"படுத்துப் பாருங்கோ மாமா. நீளம் காணுமோ?"

சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். எந்தப் பக்கம் தலை வைப்பது? கக்கூஸ் கதவில் தலையை வைத்துப் படுக்க ஏலாது. வேலையில் அதோடுதான் இருக்கிறேன், நித்திரையிலாவது விலகி இருக்க வேண்டும். முன்பக்கம் தலை வைத்தால், வண்டி வடக்கே போகிறது. வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து என்னைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். லண்டனில் மாறிய ஒவ்வொரு அறையிலும் முதலில் திசை பார்த்துத்தான் கட்டிலைப் போட்டேன். இதை அவனுக்குச் சொன்னேன்.

"வடக்குக் கூடாதோ?" என்று அவன் ஆச்சரியப்பட்டான். "எங்கடை வீடு அங்கைதானே, மாமா."

அவன் முன்பக்கம் தலையை வைத்துக் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டான். இன்னும் ஓடத் தொடங்காத வண்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவன் போல இருந்தது முகம். நான் அவன் பக்கத்தில், ஒருமுறை அங்கே தலை வைத்துப் பார்த்தேன், எழுந்தேன். ஒருமுறை இங்கே வைத்துப் பார்த்தேன், எழுந்தேன். பிறகு பலகைக்குக் குறுக்கே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்தபடி இருந்தேன்.